இன்ஃப்ராரெட் ரோலை வீட்டுலயே கழுவப் போறீங்களா? முதல் ரோலைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுருங்க

இன்ஃப்ராரெட் ரோல்னா சிவப்பைத் தாண்டி நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் பதியுற கருப்பு வெள்ளை ஃபிலிம். மூணு ரோல் வீணாப் போனதுக்கு அப்புறம்தான் என் கையில உருப்படியா ஒரு இன்ஃப்ராரெட் நெகட்டிவ் வந்துச்சு. முதல் ரோல் கண்ணாடி மாதிரி வெறுமையா வந்துச்சு. ரெண்டாவதுல ஓரம் பூரா கருப்பு. மூணாவதுல படம் இருந்துச்சு, ஆனா இலையெல்லாம் தார் பூசின மாதிரி கட்டிக் கருப்பா இருந்ததால ஸ்கேன் பண்ணா வெறும் வெள்ளைத் திட்டுதான். மூணுக்கும் காரணம் வேற வேற, ஆனா ஒண்ணுகூட மருந்துக் கோளாறு இல்ல. சாதாரண கருப்பு வெள்ளை ரோலைக் கழுவுற அதே டெவலப்பர் (படத்தை வெளிய கொண்டு வர்ற மருந்து), அதே ஃபிக்ஸர்தான் (படத்தை நிலைக்க வைக்கிற மருந்து) இதுக்கும், புதுசா ஒண்ணும் கிடையாது. தப்பாப் பூந்துடுற வெளிச்சமும், தண்ணிச் சூடும், எக்ஸ்போஷரும்தான் (படம் எடுக்கும்போது ரோல்ல விழுற வெளிச்ச அளவு) ஆளைக் கவுக்கும், அதுலயும் நம்ம ஊர்ல குழாய்த் தண்ணியே 30 டிகிரிக்கு வரும்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். முதல் ரோலை நல்ல படம் வேணும்னு எடுக்காதீங்க, மொத்தமா சோதனைக்குக் கொடுத்துருங்க. இருட்டுல மூணு துண்டா வெட்டி மூணு நேரத்துல கழுவினா, அடுத்த பத்து ரோலுக்கு உங்க தண்ணி, உங்க கழுவுற டேங்க், உங்க ஃபில்டருக்கு என்ன கணக்குன்னு கையில வந்துரும். எப்படின்னு கீழ வரிசையா சொல்றேன்.

1. எந்த ரோல், எந்த ஃபில்டர்

இப்ப கடையில புதுசா கிடைக்கிறதுல ரெண்டைத்தான் நான் சொல்வேன். ஒண்ணு ‘ரோலை’ங்கிற கம்பெனியோட இன்ஃப்ராரெட் 400, இது ஏறக்குறைய 820 நானோமீட்டர் (வெளிச்சத்தோட அலைநீளத்தை அளக்கிற அலகு) வரைக்கும் பார்க்கும். இன்னொண்ணு இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200, இது 740 வரைக்கும்தான். கோடாக் எச்ஐஈ ரோல்ல எடுத்த பழைய படங்கள்ல வெளிச்சம் கசியுற மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும் பாருங்க, அதை எதிர்பார்த்து வந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க. அந்த ரோல் 2007லயே நின்னு போச்சு, அந்தப் பளபளப்பு வந்ததே ரோலோட பின்பக்கம் வெளிச்சத்தை உறிஞ்சுற பூச்சு இல்லாததாலதான், இப்ப வர்ற ரோல்கள்ல அந்தப் பூச்சு இருக்கு. ஆனா வெள்ளை இலை, கருப்பு வானம் ரெண்டும் தாராளமா கிடைக்கும்.

ஃபில்டருக்கு 720 நானோமீட்டர், அதாவது ஹோயா ஆர்72 வகை, கிட்டத்தட்ட 720க்குக் கீழ இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் தடுத்துரும். 850 நானோமீட்டர் ஃபில்டர் விலை குறைவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க, அது டிஜிட்டல் கேமராவை மாத்தி வச்சிருக்கிறவங்களுக்கு, நம்ம ரோலுக்கு அது வழியா வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. எஸ்எஃப்எக்ஸ் போடுறவங்களுக்கு 720க்கும் 740க்கும் நடுவுல ரொம்பக் குறுகின இடம்தான் மிச்சம், அதனால எக்ஸ்போஷர் இன்னும் நிறைய வேணும். சாதாரண சிவப்பு ஃபில்டர்லயும் அதுல ஓரளவு எஃபெக்ட் வரும், ஆனா இலை வெள்ளையாகாது.

செலவு: எனக்கு ரோல் ஒண்ணுக்கு 1,300 ரூபாய் கிட்ட ஆச்சு, 52 மி.மீ. ஃபில்டர் 1,400 ஆச்சு. டேங்கும் (கழுவுறப்ப ரோலை வெளிச்சம் படாம வைக்கிற டப்பா) ரீலும் (அதுக்குள்ள ரோலைச் சுத்துற சக்கரம்) மூடின ஸ்டுடியோ ஒண்ணுல இருந்து 800 ரூபாய்க்குக் கிடைச்சுது. உங்க ஊர்ல பழைய ஸ்டுடியோ இருந்தா முதல்ல அங்க போய்க் கேளுங்க, அண்ணன்மார் பரண்ல இருந்து எடுத்துக் கொடுப்பாங்க, கூடவே ரீல்ல ஏத்துறதையும் கத்துக் கொடுப்பாங்க. விலையெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், நான் கொடுத்ததைத்தான் சொல்றேன்.

2. காகித வேலை

வெளிநாட்டுல இருந்து ரோல் வரவழைச்சா கூரியர்காரங்க கேஒய்சி கேப்பாங்க. ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை நகலும் பில்லும் தயாரா பிடிஎஃப்ல வச்சுக்கோங்க, இல்லன்னா பார்சல் கஸ்டம்ஸ்லயே கிடக்கும். ரோலுக்கு அந்தக் கிடை நல்லது இல்ல, வெயில் காலத்துல கோடவுன் சூடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பொருள் விலைக்கு மேல டியூட்டி, அதுக்கு மேல கூரியர் கட்டணம்னு சேர்த்துதான் கணக்குப் போடணும், ஒரே ஒரு ரோலுக்காக வரவழைக்கிறது கட்டாது, நாலு பேர் சேர்ந்து வாங்குங்க.

விமானத்துல கொண்டு வந்தா செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க. கையில தெளிவான பையில வச்சு, கையால பார்க்கச் சொல்லிப் பணிவா கேளுங்க, புதுசா வந்திருக்கிற சிடி ஸ்கேனர் ரோலைக் கெடுத்துர வாய்ப்பு இருக்கு.

மருந்துக் கடையில, அதாவது லேப் கெமிக்கல் விக்கிற கடையில, சில பேர் எதுக்குன்னு கேப்பாங்க, அடையாள அட்டை நகல் கேக்குறவங்களும் உண்டு. போட்டோ கழுவன்னு சொன்னாப் போதும், பில் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

கடைசியா முக்கியமான காகிதம், ரோல் கம்பெனி போடுற டேட்டாஷீட், அதாவது கழுவுற நேரம் எல்லாம் இருக்கிற தாள். பிரிண்ட் எடுத்து ஒரு நோட்டுல ஒட்டுங்க. அந்த நோட்டுலயே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரம், எஃப் எண் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்குங்கிற எண்), ஷட்டர், வெயில் எப்படின்னு எழுதணும். நோட்டு இல்லாம சோதனை ரோல் எடுத்தா அந்த 1,300 ரூபாய் தண்ணியிலதான்.

3. ரோலைக் கேமராவுல போடுறது (என்னோட ரெண்டாவது ரோல் போன இடம்)

இன்ஃப்ராரெட் 400 ரோலோட பேஸ், அதாவது அடியில இருக்கிற பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி தெளிவான பாலியெஸ்டர். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற நாக்கு வழியா வெளிச்சம் உள்ள ஓடிப் போயிரும், டியூப்லைட் வெளிச்சமே போதும். நான் மொட்டை மாடியில வெயில்ல நின்னு மாத்தினேன், ஓரம் பூரா போச்சு. வீட்டுக்குள்ள முழு இருட்டுல, இல்ல குறைஞ்சபட்சம் திரை போட்ட ரூம்ல போடுங்க, எடுக்கிறதும் அப்படித்தான். எடுத்த உடனே கருப்பு டப்பாவுல போட்டு மூடிருங்க. டப்பாவைத் தூக்கிப் போட்டுறாதீங்க, இந்த ரோலுக்கு அது வெறும் பேக்கிங் இல்ல.

பிற்காலத்து ஆட்டோ கேமரா சிலதுல ரோல் ஓரத்து ஓட்டைகளை எண்ணுறதுக்கு உள்ளயே ஒரு இன்ஃப்ராரெட் பல்பு இருக்கும், அது ஓரத்தைக் கருப்பாக்கிரும். கையால வைண்ட் பண்ற பழைய கேமரா நிம்மதி.

ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா எடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் டப்பாவைத் திறக்கணும், இல்லன்னா வேர்த்துரும். இன்னொண்ணு, நிறைய பேர் கேக்குறது: உடம்புச் சூடு ரோல்ல பதியுமான்னு. பதியாது. இது பார்க்கிறது சிவப்புக்குப் பக்கத்துல இருக்கிற வெளிச்சத்தைத்தான், அடுப்பு அனலை இல்ல.

4. சோதனை ரோல் எடுக்கிறது (முதல் ரோல் போன இடம்)

ஃபில்டரை மாட்டிட்டு கேமராவோட மீட்டரை நம்பி எடுத்தேன், மொத்தமும் வெறுமை. மீட்டர் பார்க்கிற வெளிச்சம் வேற, ரோல் பார்க்கிற வெளிச்சம் வேற. ரோல்ல போட்டிருக்கிற 400ங்கிற ஐஎஸ்ஓ, அதாவது ரோலோட வேகத்தைச் சொல்ற எண், ஃபில்டர் இல்லாம எடுத்தாத்தான். 720 ஃபில்டர் போட்டா அதை 12ன்னு நினைச்சுக்கோங்க, சுள்ளுன்னு வெயில் அடிக்கும்போது எஃப்/8, 1/50 நொடின்னு ஆகும். மீட்டர் எதுவும் வேண்டாம், இதையே நடுவுல வச்சு மேலயும் கீழயும் போங்க.

36 ஃபிரேமை மூணு பகுதியாப் பிரிங்க. ஒவ்வொரு பகுதியிலயும் 9 படம், 3 வெத்து. ஒரே இடம், ஒரே ட்ரைபாட், ஒரே வெயில். 9 படத்துல ஐஎஸ்ஓ 50ல இருந்து 25, 12, 6, 3ன்னு இறங்குங்க, மிச்ச நாலை, ட்ரைபாட் தலையை மட்டும் திருப்பி, வேற கோணத்துல 12லயும் 6லயும் எடுங்க. அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு 3 தடவை அடிங்க, இந்த வெத்து ஃபிரேம்லதான் கத்திரி விழப் போகுது. மூணாவது பகுதி முடியிற வரைக்கும் ட்ரைபாடை நகத்தாதீங்க, மேகம் வந்தா நிறுத்திக் காத்திருங்க.

எஸ்எல்ஆர்ல, அதாவது லென்ஸ் வழியாவே பார்க்கிற கேமராவுல, ஃபில்டர் போட்டா வ்யூஃபைண்டர் இருட்டாயிரும், அதனால முதல்ல ஃபிரேம் வச்சு, ஃபோகஸ் பண்ணி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருகணும். பழைய லென்ஸ்ல தூரம் எழுதியிருக்கிற வளையத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியோ ஆர்ங்கிற எழுத்தோ இருக்கும், ஃபோகஸ் பண்ணின தூரத்தை அந்தப் புள்ளிக்கு நேரா நகத்திருங்க, இன்ஃப்ராரெட் வேற இடத்துல ஃபோகஸ் ஆகும். புள்ளி இல்லாத லென்ஸ்னா எஃப்/11 வரைக்கும் மூடிக்கோங்க.

எங்க எடுக்கிறது? பச்சை இலை, நீல வானம், பக்கவாட்டு வெயில், இந்த மூணும் இருக்கணும். சென்னையில முக்கால்வாசி நாள் வானம் நீலமா இருக்காது, வெளுத்துப் போய் இருக்கும், அந்த வானம் படத்துலயும் வெளுப்பாத்தான் வரும். வடகிழக்கு மழை பெஞ்சு விட்ட மறுநாள் காலையில எடுத்துப் பாருங்க. மாமல்லபுரத்துல பாறையும் அதைச் சுத்தின புல்லும், தஞ்சாவூர்ப் பக்கம் நாத்து நட்டு ஒரு மாசமான வயல், தென்னந்தோப்புக்கு நடுவுல கோபுரம், இதுக்கெல்லாம் இந்த ரோல் செய்யுறதை நேர்ல பார்த்தாத்தான் தெரியும். வயல் பனி விழுந்த மாதிரி கிடக்கும், கோயில் குளம் கரியா இருக்கும். பாறை மட்டும் பாறையாவே நிக்கும், அந்த ஒண்ணுக்காகவே நான் திரும்பத் திரும்ப மாமல்லபுரம் போறேன்.

5. மருந்து

ரெடிமேட் டி-76 டெவலப்பர் பாக்கெட் கிடைச்சா அதையே வாங்கிருங்க. கிடைக்கலன்னா நீங்களே கலக்கலாம், ஒரு லிட்டருக்கு: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 750 மி.லி. தண்ணியை 50 டிகிரிக்கு சூடு பண்ணி, முதல்ல ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால் முழுசாக் கரையிற வரைக்கும் கலக்கி, அப்புறம் மிச்ச சல்ஃபைட், ஹைட்ரோகுயினோன், போராக்ஸ்னு இதே வரிசையில போடுங்க, கடைசியா தண்ணி ஊத்தி ஒரு லிட்டர் ஆக்குங்க. சல்ஃபைட்டை முழுசா முதல்லயே கொட்டிட்டா மெட்டால் கரையவே கரையாது. சல்ஃபைட், சல்ஃபேட், பைசல்ஃபைட் மூணும் வேற வேற, லேபிளைப் படிச்சு வாங்குங்க, கடைப் பையன் மாத்திக் கொடுத்துருவான். கிராம் தராசு 0.1 கிராம் காட்டணும்.

ஃபிக்ஸருக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) 250 கிராம் ஒரு லிட்டருக்கு. ஹைப்போ கரையும்போது தண்ணி ஜில்லுன்னு ஆயிரும், அதனால வெதுவெதுப்பான தண்ணியில போடுங்க. வெறும் ஹைப்போ பயன்படுத்துறவங்க நடுவுல டெவலப்பரை நிறுத்துற வினிகர் ஸ்டாப் பாத் ஊத்தாதீங்க, அந்தப் புளிப்பு ஹைப்போவுல பட்டா கந்தகம் பிரிஞ்சு பால் மாதிரி ஆயிரும். வெறும் தண்ணியில ரெண்டு தடவை அலசினாலே போதும்.

மெட்டால் சில பேருக்குத் தோல்ல அரிப்பு கொண்டு வரும், கிளவுஸ் போடுங்க, பொடியைக் கொட்டும்போது மாஸ்க்கும் போடுங்க. சமையல் பாத்திரம், அளவுக் கரண்டி எதையும் எடுக்கக் கூடாது, எடுத்தா அது திரும்ப அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. டம்ளர்ல ஊத்தி வைக்காதீங்க, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா பூட்டி வையுங்க.

தண்ணிக்கு, கேன்ல வர்ற ஆர்ஓ தண்ணி. போர் தண்ணியில கலக்கினா உப்புப் படியும்.

எல்லா மருந்தும் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய் ஆச்சு. 100 கிராம் மெட்டால்ல 50 லிட்டர் டெவலப்பர் கலக்கலாம், அதனால முதல் தடவை ஆகுற செலவைப் பார்த்துப் பயப்படாதீங்க.

6. இருட்டுல வெட்டி ரீல்ல ஏத்துறது

ராத்திரி பாத்ரூம்ல செய்யுங்க. சேஞ்சிங் பேக் (கையை உள்ள விட்டு ரோலை மாத்துற கருப்புப் பை) இருந்தாலும் பகல் வெளிச்சத்துல இந்த ரோலுக்கு நான் அதை நம்ப மாட்டேன், மெல்லிசுத் துணி நம்ம கண்ணுக்கு இருட்டா இருந்தாலும் இன்ஃப்ராரெட்டை விட்டுரும். சிவப்பு பல்பு கூடவே கூடாது. ஸ்மார்ட் வாட்ச், ஃபோன், டிவி ரிமோட், ராத்திரியில பார்க்கிற சிசிடிவி கேமரா எதுவும் அந்த ரூம்ல வேண்டாம், எல்லாத்துலயும் ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கு.

ஒரு குச்சியை 50 செ.மீ. அளவுக்கும், இன்னொண்ணை 46 செ.மீ. அளவுக்கும் முன்னாடியே வெட்டி வச்சுக்கோங்க. நாக்கைக் கத்தரிச்சதுக்கு அப்புறம் முதல் துண்டு 50, ரெண்டாவது 46, மிச்சம் மூணாவது. ஒரு ஃபிரேம் 38 மி.மீ. இடம் எடுக்கும், மூணு வெத்து விட்டிருக்கிறதால முன்ன பின்ன 5 செ.மீ. தவறினாலும் படத்துல கத்திரி விழாது. கத்திரிக்கோல் கையோட இருக்கணும், பாலியெஸ்டர் ரோலைக் கையால கிழிக்கவே முடியாது. மூணு துண்டையும் டேங்க்ல சேர்த்துப் போடாதீங்க. முதல் துண்டு ரீல்ல, மத்த ரெண்டும் தனித்தனி கருப்பு டப்பாவுல, டப்பா மேல ரப்பர் பேண்ட் ஒண்ணு, ரெண்டுன்னு சுத்தி வச்சா இருட்டுலயும் தடவித் தெரிஞ்சுக்கலாம்.

ரீல் சொட்டுத் தண்ணி இல்லாமக் காஞ்சிருக்கணும். ஈரமா இருந்தா பாதியில சிக்கிக்கும், வேர்வைக் கையோட அதை இருட்டுல எடுக்கிறது பெரும்பாடு. பழைய, வெளிச்சத்துல ஓடின ரோல் ஒண்ணை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு பத்து தடவை பழகிட்டு வாங்க.

7. கழுவுறது: சூடும் நேரமும் (மூணாவது ரோல் போன இடம்)

டேட்டாஷீட்ல எல்லாம் 20 டிகிரிக்குத்தான் நேரம் போட்டிருக்கும். என் தண்ணி 31 டிகிரி, நான் 20க்கான நேரத்தையே கொடுத்தேன், அதான் அந்தத் தார். நம்ம ஊர்ல 20க்கு இறக்கி அங்கயே நிறுத்துறது கஷ்டம், 24ல நிறுத்துறது சுலபம். ஒரு பெரிய பக்கெட்ல தண்ணி, அதுல ஐஸ், அதுக்குள்ள டெவலப்பர், தண்ணி, ஃபிக்ஸர் மூணு பாட்டிலையும் அரை மணி நேரம் உக்கார வையுங்க. ஐஸை நேரா மருந்துல போடக் கூடாது. கழுவுற தண்ணிக்கும் முன்கூட்டியே ரெண்டு கேன் அதே சூட்டுல வச்சுருங்க, 24ல டெவலப் பண்ணிட்டு 31 டிகிரி குழாயில பிடிக்காதீங்க.

ஒரு டிகிரி ஏற ஏற நேரத்துல ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். உதாரணத்துக்கு எஸ்எஃப்எக்ஸ் 200ஐ டி-76ல ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி சேர்த்துக் கழுவினா 20 டிகிரிக்கு 17 நிமிஷம், 24க்கு பதினொன்றரை நிமிஷம் கிட்ட வரும். இப்படித் தண்ணி சேர்க்கிறதுல நமக்கு ஒரு லாபம், நேரம் நீளமாவே இருக்கும், 5 நிமிஷத்துக்குக் கீழ போனா படம் திட்டுத் திட்டா வரும். உங்க ரோலுக்கு என்ன நேரமோ அதை 24க்கு மாத்தி, முதல் துண்டை அதே நேரத்துக்கு, ரெண்டாவதை 20 சதவீதம் குறைச்சு, மூணாவதை 20 சதவீதம் கூட்டிக் கழுவுங்க.

டேங்க்ல 35 மி.மீ. ரீல் ஒண்ணுக்கு 300 மி.லி. போதும், 150 டெவலப்பர், 150 தண்ணி, ஒரு தடவையோட கொட்டிருங்க. வரிசை இதுதான்: முதல்ல வெறும் தண்ணி 2 நிமிஷம், கொட்டும்போது நிறம் கலந்து வரும், பயப்படாதீங்க, ரோல்ல இருக்கிற சாயம்தான். அடுத்து டெவலப்பர், முதல் 30 நொடி நிறுத்தாம கவுத்துக் கவுத்து எடுங்க, அப்புறம் நிமிஷத்துக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் டேங்கைத் தரையில லேசாத் தட்டுங்க, குமிழி ஒட்டிக்காது. தண்ணி ரெண்டு அலசு. ஹைப்போ சுமாரா 10 நிமிஷம். ஹைப்போவுக்கு முன்னாடி, வெட்டின நாக்குத் துண்டை வெளிச்சத்துலயே அதுல போட்டுப் பாருங்க, எத்தனை நிமிஷத்துல தெளியுதோ அதுல ரெண்டு மடங்குதான் உங்க ஃபிக்ஸிங் நேரம். புது ஹைப்போவுல ஆன நேரம் ரெண்டு மடங்கா ஆனா அந்த ஹைப்போவுக்கு ஆயுசு முடிஞ்சுது.

அப்புறம் தண்ணி ஊத்தி 5 கவுப்பு, கொட்டிட்டு 10 கவுப்பு, கொட்டிட்டு 20 கவுப்பு. வெறும் ஹைப்போன்னா இதை இன்னொரு சுத்தும் பண்ணிருங்க. கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணியில வெட்டிங் ஏஜென்ட் (தண்ணி திட்டா நிக்காம வழிய வைக்கிற மருந்து) ரெண்டு சொட்டு.

மூணு துண்டுக்கும் சேர்த்து ஒரு ராத்திரியில மூணு மணி நேரம் ஒதுக்குங்க. அடுத்த துண்டுக்கு முன்னாடி ரீலை ஹேர் டிரையர்ல காய வைக்கிற நேரமும் சேர்த்துத்தான்.

8. காயப் போடுறது

குளிச்சு முடிச்ச பாத்ரூம்ல, தூசி அடங்கின நேரத்துல, மேல ஒரு கிளிப், கீழ கனமா ஒரு கிளிப். ஃபேன் போடாதீங்க. விரலால வழிக்காதீங்க. மழைக் காலத்துல ஆறு மணி நேரம்கூட ஆகும்.

9. நெகட்டிவைப் பார்க்கிறது

மூணு துண்டையும் ஒண்ணு கீழ ஒண்ணா ஃபோன்ல வெள்ளை ஸ்கிரீன் வச்சு அது மேல அடுக்குங்க. முதல்ல படத்தைப் பார்க்காதீங்க, ஓரத்துல கம்பெனி அச்சடிச்ச எண்ணைப் பாருங்க. எண் நல்லா கருப்பா இருந்து படம் மட்டும் வெறுமைன்னா எக்ஸ்போஷர் பத்தல. எண்ணே மங்கலா இருந்தா டெவலப்பர் பத்தல, நேரமோ சூடோ குறைஞ்சிருக்கு. எண்ணுக்கும் படத்துக்கும் நடுவுல அலை அலையாக் கருப்புன்னா ஏத்துறப்பவோ இறக்குறப்பவோ வெளிச்சம் பூந்திருக்கு.

அப்புறம் இலையைப் பாருங்க. நல்ல நெகட்டிவ்ல இலை கருப்பா இருக்கணும், ஆனா கருப்புக்குள்ள நரம்போ கிளையோ தெரியணும். வானம் கிட்டத்தட்ட தெளிவா இருக்கும். மரத்தடி நிழல்ல ஏதாவது தெரியுற முதல் ஃபிரேம் எந்த ஐஎஸ்ஓன்னு நோட்டைப் பாருங்க, அதான் உங்க ஃபில்டருக்கான எண். எனக்கு அது 6ல வந்துச்சு, 12 இல்ல. நேரம், 20 சதவீதம் குறைச்ச துண்டுதான் ஸ்கேனருக்கு நல்லா இருந்துச்சு, வெயில் கடுமையா இருக்கிற ஊர்ல உங்களுக்கும் அப்படி வர வாய்ப்பு அதிகம், ஆனா உங்க துண்டு சொல்றதைத்தான் நீங்க எடுத்துக்கணும்.

ரெண்டு எண்ணையும் ஃபில்டர் டப்பா மூடியில மார்க்கர்ல எழுதி ஒட்டிருங்க. தீர்ந்த ஹைப்போவைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊத்தாதீங்க, அதுல வெள்ளி கரைஞ்சிருக்கு. ஒரு பழைய கேன்ல சேர்த்து வச்சு, எக்ஸ்ரே ஹைப்போல இருந்து வெள்ளி எடுக்கிறவங்க உங்க ஊர்ல யாராவது இருக்காங்களான்னு ஸ்கேன் சென்டர்ல விசாரிச்சுக் கொடுத்துருங்க.